மேலே நம்பர் தெரியணும்

போனை வாங்கியதும் பிரிண்ட் அக்கா அதை மேஜைமேல் கவிழ்த்து வைப்பாள். பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி, இடது உள்ளங்கையை விரித்து, கட்டைவிரலுக்குக் கீழே சதைப்பற்றான மேட்டில் ஒரு கிறுக்கு கிறுக்கி, மை வருகிறதா என்று பார்ப்பாள். அதற்கு அப்புறம்தான் போனைத் திருப்புவாள். திரையின் உச்சியில் இருக்கும் பெயரை உள்ளங்கையில் எழுதுவாள். பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நம்பரை அதற்குக் கீழே எழுதுவாள். எழுதியதை உதடு அசைத்து ஒருமுறை சரிபார்ப்பாள். பிறகு போனிலிருந்து அந்தப் பெயரை அழித்துவிடுவாள். பெயர் இருந்த இடத்தில் வெறும் நம்பர் வந்து நிற்கும்.

கோர்ட்டுக்கு அதுதான் வேண்டும். 'எருமை' என்று ஒருவர் மனைவியின் பெயரைப் போட்டு வைத்திருப்பார். 'எடுக்காதே' என்று ஒருத்தி கணவனின் பெயரைப் போட்டு வைத்திருப்பாள். அவன் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டதும் அது 'இதையும் எடுக்காதே' ஆகியிருக்கும். இதையெல்லாம் அப்படியே அச்சடித்துக் கொண்டுபோனால், இந்த எருமை யார் என்று நீதிபதி கேட்பார். எருமைக்கு முகவரி கிடையாது, நம்பருக்கு உண்டு. அதனால் வக்கீல்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லித்தான் ஆட்களை இந்தக் கடைக்கு அனுப்புவார்கள்: "மேலே நம்பர் தெரியணும்." பெயரை அழித்து, மெசேஜ்களைத் திரை திரையாகப் படம் பிடித்து, கடை நம்பருக்கு அனுப்பி, அச்செடுத்து, கடைசியில் உள்ளங்கையைப் பார்த்துப் பெயரைத் திரும்பப் போட்டுக் கொடுக்க வேண்டும். அப்புறம் கைக்குட்டையை நனைத்துக் கையைத் தேய்த்துக்கொள்வாள், அடுத்த சண்டைக்கு இடம் வேண்டுமே.

"பேப்பர் கடை வச்சிக்கிட்டு எதுக்குக்கா கையில எழுதறீங்க?" என்று கேட்காதவர் இல்லை.

"பேப்பர் பறந்துடும். கை பறக்குமா?" என்பாள்.

உண்மையில் பறக்கிற கைதான் அது. கடை என்பது கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் நீளமாக, குறுகலாக ஒரு அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன் போடும் நாத்தனார். நாற்காலி ஒன்று உண்டு. அதில் பேப்பர் கட்டுதான் உட்கார்ந்திருக்கும். அக்கா நின்றுகொண்டே மவுஸைப் பிடிப்பாள், நின்றுகொண்டே சாப்பிடுவாள், ஜெராக்ஸ் மெஷினுக்குள் வெளிச்சம் ஓடும் அந்தச் சின்ன நேரத்தில்கூட வாசல்வரை போய்விட்டு வருவாள். எதற்குப் போனாய் என்று கேட்டால் தெரியாது. வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். "எந்த லிப்டா இருந்தாலும் நிறுத்திடுவேன். உனக்கு ஸ்விட்ச் எங்க இருக்குன்னுதான் இத்தனை வருஷமா தேடிக்கிட்டிருக்கேன்" என்று அவர் அலுத்துக்கொள்வதைக் கேட்டு அவர் தங்கை, அதாவது இந்த நாத்தனார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

முன்பெல்லாம் அக்கா ஒரு வக்கீல் ஆபீசில் தட்டச்சு வேலை பார்த்தாள். அப்போது சண்டைகள் வக்கீலின் வாயிலிருந்து வரும். வரும்போதே மடிப்புக் கலையாமல் வரும். கடை வைத்தபின் அவை போனோடு வர ஆரம்பித்தன. முதல் சில மாதங்கள் எல்லாவற்றையும் படித்தாள். இரவில் தூக்கம் வரவில்லை. யாரோ யாருக்கோ எழுதிய வசவு, தன் சமையலறையில் வந்து நின்றது. வீட்டுக்காரர் "உப்பு கம்மி" என்று சொன்னால்கூட, அதற்குள் வேறென்ன சொல்கிறார் என்று தேட ஆரம்பித்தாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். இப்போது ஒவ்வொரு திரையிலும் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும்தான் பார்ப்பாள். ஒரு படத்தின் கடைசி வரி அடுத்த படத்தின் முதல் வரியோடு சேர வேண்டும். நடுவில் எதுவும் விட்டுப்போகக் கூடாது. அவ்வளவுதான் அவள் வேலை. ஊரில் பாதிக் குடும்பங்களின் விளிம்பு அவளுக்குத் தெரியும். நடுப்பகுதி தெரியாது. "சரி வை." "அதையும் நீயே சொல்லு." "தூங்கிட்டியா?" இப்படி விளிம்பு விளிம்பாக அவளைக் கடந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

அவர்களில் ஒருவராகத்தான் அந்த வேன்காரரும் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு சின்னப் பிள்ளையின் தலைமுடி கிளிப்பும் குத்தியிருந்தது. எந்தப் பிள்ளையோ வண்டியில் விட்டுப்போனதாக இருக்கும்.

"அக்கா, மெசேஜ் பிரிண்ட் எடுக்கணும். வக்கீல் அனுப்பினார். மேலே..."

"நம்பர் தெரியணும். குடுங்கண்ணே. எங்கேருந்து எங்க வரைக்கும்?"

போனைக் கவிழ்த்து வைத்தாள். மேஜை விளிம்பில் வெளிச்சம் கசிந்தது. அணைந்தது. மறுபடி கசிந்தது. சத்தம் இல்லை.

"யாரோ கூப்பிடறாங்கண்ணே."

"யாரோதான். விடுங்க. சிலிண்டர்."

லேமினேஷன் மெஷினிலிருந்து நாத்தனார் தலையைத் தூக்கினாள். "சிலிண்டரா? சிலிண்டர் எதுக்கு உங்களைக் கூப்பிடுது?"

"கேஸ் ஆபீஸ் நம்பருக்கும் என் நம்பருக்கும் கடைசியில ஒரு எண்தாம்மா வித்தியாசம். பாதி ஊரு என்கிட்டதான் சிலிண்டர் கேக்குது. வரலேன்னா என்னைத்தான் திட்டுது."

"நம்பரை மாத்திட வேண்டியதுதானே?"

"பாப்பா மனப்பாடம் பண்ணது இந்த நம்பர்." அவர் சொன்ன விதத்தில் அதற்குமேல் அந்தக் கேள்விக்கு வேலை இல்லை என்று தெரிந்தது. "பாப்பாதான் போன வருஷம் போன்ல ஏதோ பண்ணிக் குடுத்துச்சு. பேர் இருக்கிறவங்க கூப்பிட்டா மட்டும் மணி அடிக்கும். மத்ததெல்லாம் ஊமை. மெசேஜும் அப்படித்தான்."

"அண்ணி, எங்கண்ணன் காதுல இப்படி ஒண்ணு வைக்கணும்" என்றாள் நாத்தனார்.

"ஏற்கெனவே இருக்கு. நான் பேசினா மட்டும் ஊமை" என்றாள் அக்கா, பேனா மூடியைக் கடித்தபடி.

வேன்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மனைவி மகளோடு தன் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது என்றார். தினமும் சாயங்காலம் பாப்பா அம்மாவின் போனிலிருந்து தானே எண்களை அழுத்திக் கூப்பிடும். அவர் அந்தப் பக்கம் கூப்பிடக் கூடாது. பேசி வைத்திருக்கிற ஏற்பாடு அது. இரண்டு தடவை பாப்பா கூப்பிட்டபோது அவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், எடுக்க முடியவில்லை.

"அதையே பிடிச்சிக்கிட்டாங்கக்கா. அப்பனுக்கு அக்கறை இல்லேன்னு அந்தப் பக்கத்து வக்கீல் எழுதிக் குடுத்துட்டார். இனி ஒரு தடவை எடுக்கலேன்னா அந்தப் போனையும் நிறுத்திடச் சொல்வாங்களாம். அதான் இதெல்லாம் பிரிண்ட் எடுத்துட்டு வான்னார் எங்க வக்கீல். நாங்க நல்லபடியா பேசிக்கிட்டுத்தான் இருந்தோம்னு காட்டணுமாம்."

அக்கா உள்ளங்கையில் 'பாப்பா அம்மா' என்று எழுதினாள். நம்பரை எழுதினாள். பெயரை அழித்தாள். விளிம்புகளைச் சேர்த்துக்கொண்டே போனாள். பெரும்பாலும் அவர் பக்கத்து விளிம்பு "சரி" என்றே இருந்தது. சரி. சரி. சரி. இந்த மனுஷன் வாயைத் திறக்கவே மாட்டாரா என்று ஒரு கணம் தோன்றியது.

கடைசிப் பக்கங்கள் வந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. வந்தது. பிரிண்டர் பாதி விழுங்கிய பேப்பரைக் கக்க மாட்டேன் என்றது. அக்கா மூடியைத் திறந்து கையை விட்டு இழுத்தாள். வாசலில் இருவர் ஜெராக்ஸுக்கு அவசரப்பட்டார்கள். சின்ன வகுப்பு விட்டுவிடும், பிள்ளைகள் வெயிலில் நிற்கும் என்று வேன்காரர் காலை மாற்றி மாற்றி நின்றார். கசங்கிய பக்கத்தை மறுபடி எடுத்து, அடுக்கி, பின் குத்தி அவர் கையில் திணித்தாள். போனை அவரே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார்.

மதியம் சாப்பிடுமுன் குழாயடியில் சோப்பைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"கை கழுவப் போனவங்க கையையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க. ரேகை ஏதாவது புதுசா முளைச்சிருக்கா?" என்று நாத்தனார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

அக்கா கையைத் திருப்பிக் காட்டினாள். 'பாப்பா அம்மா.' நீல மையில், ஓர் எழுத்தும் கலையாமல்.

நாத்தனாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டாள். "அப்போ சாயங்காலம் அந்தப் பொண்ணு கூப்பிட்டா..."

"மணி அடிக்காது."

"அவருக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிடுங்க அண்ணி."

போட்டாள். படங்கள் வந்த நம்பர் கடை போனில் இருந்தது. மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது: அவர் போனில் அக்காவுக்கும் பெயர் கிடையாது. அவளும் ஒரு சிலிண்டர்தான். மெசேஜ் அனுப்பினாள். சிலிண்டர் கேட்டு வந்த எத்தனையோ மெசேஜ்களுக்கு நடுவே அதுவும் போய்ப் படுத்துக்கொண்டது.

சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டாள். பெயர் இருக்கிறவர் யாராவது கூப்பிட வேண்டும். அவரை அனுப்பிய வக்கீலுக்குப் பெயர் இருக்கும்! செருப்பை மாட்டாமலே வாசலைத் தாண்டிவிட்டுத் திரும்பி வந்து மாட்டிக்கொண்டு ஓடினாள்.

வக்கீல் உள்ளே வாதாடிக்கொண்டிருந்தார், போன் அணைந்திருந்தது. தாழ்வாரத்தில் பெஞ்சு காலியாக இருந்தும் அவள் உட்காரவில்லை. இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்கு நடந்தாள். அந்தத் தூணிலிருந்து இந்தத் தூணுக்கு. கதவு திறக்கும்போதெல்லாம் மின்விசிறிச் சத்தமும் யாரோ ஒருவரின் இருமலும் வெளியே வந்து மறுபடி உள்ளே போயின. தப்பு செய்தவள் அவள், தண்டனை யாருக்கோ. அதுவும் ஒரு பிள்ளை எண்களை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டு நிற்கும். அந்தக் காட்சியை அவளால் தள்ளிவிட முடியவில்லை.

வக்கீல் வெளியே வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நடந்துகொண்டே கேட்டார். கேட்டுக்கொண்டே வேறு ஒருவருக்குத் தலையாட்டினார்.

"இதுக்கா இவ்வளவு பதற்றம்? ஒரு நாள் பேசலேன்னா குடி முழுகிடாதும்மா."

"மூணாவது தடவை ஆயிடும் சார். நீங்கதான் சொன்னீங்களாம்."

அவர் நின்று, போனை எடுத்து, அழுத்தினார். காதிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினார். "பிஸி. கேளுங்க. யார்கூடவோ நல்லாத்தான் பேசிக்கிட்டிருக்கான். நீங்க போய் நிம்மதியா சாப்பிடுங்க."

"யார்கூட சார் பேசுவார்?"

"அது எனக்கெப்படித் தெரியும்?" அவர் படி இறங்கினார். பாதியில் திரும்பிப் பார்த்து, "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சிருந்தா என்னைக்கோ முடிஞ்சிருக்கும். இவன்தான் போடமாட்டேன்னு அடம். அவ திரும்பி வந்துடுவாளாம். இவனை வச்சிக்கிட்டு நான் படறது..." என்று கையை உதறிவிட்டுப் போனார்.

அக்கா தன் போனிலிருந்து முயன்றாள். பிஸி. மறுபடியும் பிஸி. ஊமையாகக் கிடக்க வேண்டிய போன் எப்படி இடைவிடாமல் பேசும்?

ஆளைத்தான் தேட வேண்டும். எங்கே என்று தேடுவது? கடைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். படங்கள் இருந்தன. வருஷக்கணக்காகக் காப்பாற்றி வந்த வழக்கத்தை அன்று உடைத்தாள். முதல் வரியையும் கடைசி வரியையும் விட்டுவிட்டு நடுப்பகுதியைப் படித்தாள்.

"ஷூ சின்னதாயிடுச்சு. அவ காலைக் கூட்டிட்டுப் போய் வாங்கு. போன தடவை மாதிரி கண்ணால அளந்து வாங்காதே."

"சரி."

"சரின்னு மட்டும் எழுதாதே. எரிச்சலா வருது."

"சரி."

"உன்னோட சண்டை போடறதே தண்டம். எதிர்ல ஒரு ஆள் வேணும் சண்டைக்கு."

இன்னொரு இடத்தில்: "மதியம் வண்டியிலயே படுத்துத் தூங்கறியா? வாட்ச்மேன் சொன்னார். கழுத்து பிடிச்சிக்கும். தலைக்கு ஏதாவது வச்சிக்கோ."

"சரி."

நாத்தனார் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். "இவங்க எதுக்கு அண்ணி கோர்ட்டுக்கு வந்தாங்க?" என்றாள். வழக்கமான கிண்டல் அதில் இல்லை.

தேடியது கடைசிக்கு முந்தைய படத்தில் இருந்தது. "பாப்பா ரெயின்கோட் உன் வண்டியில இருக்கு. சாயங்காலம் மைதானத்துல தண்ணித் தொட்டிப் பக்கம்தானே நிறுத்துவே? அக்கா பையனை அனுப்பறேன்."

நாத்தனார் மெல்லச் சொன்னாள்: "அண்ணி, அந்தம்மா நம்பர்தான் உங்க கையிலயே இருக்கே. ஒரு வார்த்தை சொல்லிட்டா? போன்ல பேர் அழிஞ்சு போச்சு, தப்பா நினைக்காதீங்கன்னு."

அதை அவளும் நினைக்காமல் இல்லை. தாழ்வாரத்தில் நடந்தபோதே கட்டைவிரல் இரண்டு தடவை எண்களை அழுத்திவிட்டு அழித்தது. எப்படி அழிந்தது என்று அந்தப் பெண் கேட்பாள். நீங்கள் யார் என்று கேட்பாள். தன் மெசேஜ்களை அவர் கோர்ட்டுக்கு அச்சடித்திருக்கிறார் என்பது கடைக்காரி வாயால் அவளுக்குத் தெரிய வேண்டுமா? தலைக்கு ஏதாவது வைத்துக்கொள் என்று எழுதியதை நீதிபதி படிக்கப்போகிறார் என்று? ஒரு பக்கத்து விஷயத்தை மறு பக்கத்துக்குச் சொல்லாததால்தான் இந்தச் சந்தில் அவள் கடை நிற்கிறது.

"கடையைப் பாத்துக்கோ" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

மைதானத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்ட வேன்கள் வரிசையாக நின்றன. தண்ணீர்த் தொட்டியின் நிழல் அவற்றின்மேல் நீளமாக விழுந்திருந்தது. ஒரு வேனின் பின்கதவு திறந்திருந்தது. படியில் உட்கார்ந்து, தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு, வேன்காரர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கம்மா... மாடி வீடா, கீழயா?... சரிங்கம்மா... இல்லம்மா, நான் எங்கம்மா திட்டினேன்?... போன தடவை திட்டினது வேற ஆளா இருக்கும்... நாளைக்குச் சொல்லிடறேன்மா, வச்சிடறேன்." வைத்ததும் போன் அலறியது. எடுக்கப் போனவர் அவளைப் பார்த்துவிட்டார். "அக்கா! பாப்பா அம்மா பேரையே காணோம்க்கா!"

"நான்தாண்ணே அழிச்சேன். திரும்பப் போட மறந்துட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அவருக்குக் கோபப்பட நேரம் இல்லை. "இருங்கக்கா, இதை எடுத்துடறேன்... ஹலோ, சொல்லுங்க சார். ஆமா சார், சிலிண்டர்தான்."

மதியம் பாப்பாவின் படத்தைப் பார்க்கலாம் என்று பெயரைத் தேடியிருக்கிறார், காணவில்லை. நம்பர் அவருக்குத் தெரியாது; கையிலிருந்த பக்கங்களின் உச்சியிலேயே அது இருப்பது பதற்றத்தில் தோன்றவும் இல்லை. இன்னொரு வேன்காரரிடம் கொடுத்து அந்த ஊமை ஏற்பாட்டை எடுத்துவிடச் சொன்னார். ஒரு வருஷமாக அடைத்து வைத்திருந்த அணை உடைந்த மாதிரி ஊரே கூப்பிட ஆரம்பித்தது. எந்த நம்பரில் பாப்பா இருக்கிறாள் என்று தெரியாததால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"அதுக்கு எழுதிக்கறது எதுக்குண்ணே?"

"இது கேஸ் ஆபீஸ் இல்லேன்னா சண்டைக்கு வர்றாங்கக்கா. எப்படி இல்லேங்கறே, போன மாசம் எடுத்தியேன்னு. சண்டை போட்டா நேரமாகுது. அந்த நேரம் பாத்துப் பாப்பா கூப்பிட்டுட்டா? அட்ரஸை எழுதிக்கிட்டேன்னா டக்குனு வச்சிடறாங்க. வீட்டுக்குப் போற வழியில கேஸ் ஆபீஸ்ல குடுத்துடுவேன்."

எழுதிய பேப்பரைப் பார்த்தாள். காலையில் அவள் அச்சடித்துக் கொடுத்த பக்கங்கள். ஒரு பக்கம் அவர்கள் இருவரும். மறுபக்கம் மாடி வீடு, பச்சைக் கேட், நாய் இருக்கிறது ஜாக்கிரதை.

"குடுங்க" என்று போனை வாங்கி, வந்த அழைப்புகளை மேலே தள்ளினாள். உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடினாள். நம்பர்கள் ஓடின. ஓரிடத்தில் விரல் நின்றது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால். அவர் யாரோ ஒருவருடைய மாடி வீட்டை எழுதிக்கொண்டிருந்தபோது வந்து, காத்திருந்து, போயிருக்கிறது. அதற்கு மேலே மறுபடியும் ஒருமுறை.

"கூப்பிட்டிருக்குண்ணே. ரெண்டு தடவை."

அவர் வேன் படியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார். "போச்சு."

"என்ன போச்சு? கூப்பிடுங்க."

"நான் கூப்பிடக் கூடாதுக்கா. பேச்சு அப்படி."

"ஒரு தடவை கூப்பிட்டா தலையையா எடுத்துடுவாங்க? எடுக்கலேங்கறதைவிடக் கூப்பிட்டார்ங்கறது மேல்ண்ணே." அவளே அழுத்திவிட்டாள். அவசரத்தில் விரல் வேறெதையோ தொட்டதில் ஸ்பீக்கரும் சேர்ந்து திறந்துகொண்டது. மணி போகும் சத்தம் காலி வேனுக்குள் எதிரொலித்தது.

"ஹலோ, யாரு?"

ஒரு பெண்ணின் குரல். பின்னால் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

வேன்காரர் போனை நோக்கிக் குனிந்தார்.

"ஹலோ? யாருங்க?"

"நான்தான்."

"நான்தான்னா? யாரு பேசறது?"

வேன்காரர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வேன்காரன்மா."

தண்ணீர் நின்றது. பிறகு தடதடவென்று ஓடிவரும் கால் சத்தம், போன் கைமாறும் சத்தம்.

"அப்பா! எத்தனை தடவை போடறது? பிஸி பிஸின்னே வருது! யார்கூடப்பா அவ்வளவு நேரம் பேசறே?"

"சிலிண்டர்கூடடா தங்கம்" என்றார். அக்கா போனை அவர் கையில் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசி வேன் வரைக்கும் நடந்து போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மகள் எதையோ சொல்ல அவர் சிரிப்பது கேட்டது. வந்த வேலை முடிந்துவிட்டது. இருந்தும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று உட்கார இடம் கிடைக்காமல் நின்றது.

பேசி முடித்து அவரே போனை நீட்டினார். "பேரைப் போட்டுடுங்கக்கா."

"பாப்பா அம்மாதானேண்ணே?"

அவர் சட்டைப் பையிலிருந்த கிளிப்பைச் சரிசெய்தார். "இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கோம். பேரைக்கூட அழிச்சிட்டா பாருங்க" என்றார். பிறகு, "பாப்பா வீடுன்னு போடுங்க. போதும்" என்றார்.

அப்படியே போட்டாள். கை வேர்த்து மை கலைந்திருந்தது. நம்பரை இரண்டு தடவை சரிபார்த்தாள்.

பாப்பாவின் சாயங்காலப் போன் நிற்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்த வக்கீல்தான் சொன்னார். சந்தோஷமாக இருந்தார். "அன்னைக்கு அந்த ஓட்டம் ஓடினீங்களே, உங்க வேன்காரன் கேஸ் முடிஞ்சது. அவனே வந்து எங்கே கையெழுத்துப் போடணும்னு கேட்டான். என்னால நம்ப முடியல. ஒரு வருஷமா கெஞ்சியிருக்கேன். திடீர்னு என்ன ஞானோதயமோ." அக்கா கேட்டுக்கொண்டே பேப்பர் மாற்றினாள். தட்டு சரியாக உட்காராமல் மெஷின் கத்தியது.

மழை ஓய்ந்த ஒரு காலை, குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஒரு பெண் கடைக்குள் வந்தாள். வீட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய மெசேஜ்களை அச்செடுக்க வேண்டும். அக்கா போனைக் கவிழ்த்து வைத்து, பேனா மூடியைக் கடித்தாள்.

"இந்தத் தடவையாவது பேரைத் திரும்பப் போட்டுடுங்கக்கா" என்றாள் அந்தப் பெண், சிரித்தபடி.

"ஏன், போன தடவை போடலையா?"

"கேஸுக்கு அவர் மெசேஜ் எடுக்க வந்தேனே, அன்னைக்குக் கரண்ட் போயிடுச்சே. நானும் பாப்பாவைக் கூப்பிடப் போற அவசரத்துல கிளம்பிட்டேன். உங்க மேல தப்பில்ல, நானும் கவனிக்கல. எப்பவும் பாப்பாதான் அவருக்குக் கூப்பிடும், அது நம்பரை மனசுலேருந்து போட்டுடும். நான் எங்க பாத்தேன்? பத்து நாள் கழிச்சு ஒரு சாயங்காலம் ஏதோ ஒரு நம்பர் வருது. பாத்திரம் கழுவிக்கிட்டே எடுத்து யாரு யாருன்னு கேட்டுட்டேன். வேன்காரன்மான்னார்." சிரிப்பு அவள் முகத்தில் இன்னும் இருந்தது, ஆனால் கழற்ற மறந்துபோன மாதிரி இருந்தது. "அதுக்கப்புறம் நான் என்ன சொல்லியிருந்தாலும் பொய் மாதிரிதானே இருந்திருக்கும்? அவரும் கையெழுத்துப் போட்டுட்டார். சரின்னு நானும் போட்டுட்டேன்."

நாத்தனாரின் மெஷின் ஓடுவது நின்றுவிட்டிருந்தது. அக்கா பேனாவை உள்ளங்கையில் ஊன்றியபடி நின்றாள்.

"என்னன்னு போட்டு வச்சிருந்தீங்க, அவர் பேரை?"

அந்தப் பெண் குடையிலிருந்து சொட்டிய தண்ணீரைக் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே சொன்னாள். அக்கா தன் கையால் அழித்த அந்த நாள்வரைக்கும், கேஸ் நடந்த அந்த ஒரு வருஷமும், வேன்காரர் அவள் போனில் 'எங்க ஆளு' என்றுதான் இருந்திருக்கிறார்.